அட்லின்: 5,511 பேரின் தொகுதி

2013ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி, கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்துச் சர்ரே நகரின் நியூட்டன் பகுதியில் ஒரு பாடசாலை உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையில் நின்று, கனடியக் குடிமகனாக என் முதல் வாக்கை அளித்தேன். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மடக்கு மேசைகளைப் போட்டிருந்தார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் குட்டைப் பென்சில் ஒன்று கிடந்தது. வாக்குச் சீட்டில் சிறு பெருக்கல் குறி ஒன்றைப் போட்டு மடித்துப் பெட்டிக்குள் இட்டபோது கை சற்று நடுங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் வாக்களிப்பு என்பது சாதாரணமான காரியமாக இருந்ததில்லை. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அன்றிரவு, நான் வாக்களித்த சர்ரே-நியூட்டன் தொகுதியின் பழைய வரலாற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது, 1989இல் வெளியான ஒரு நீதிமன்றத் தீர்ப்பு கண்ணில் பட்டது. அதில் இரண்டு எண்கள் அருகருகே நின்றன. சர்ரே-நியூட்டன் தொகுதியின் மக்கள்தொகை 68,347. அட்லின் தொகுதியின் மக்கள்தொகை 5,511. இரண்டுக்கும் பிரித்தானிய கொலம்பியாவின் மாகாண சட்டமன்றத்தில் ஒவ்வோர் உறுப்பினர். கணக்குப் போட்டால், அட்லினில் வாழ்ந்த ஒருவருடைய குரலின் எடை, நான் இப்போது குடியிருக்கும் தெருவில் அன்று வாழ்ந்த ஒருவருடைய குரலின் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அட்லின் எங்கே இருக்கிறது, அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று அறியத் தொடங்கிய பிறகு அந்தக் கோபம் கரைந்தது. அதன் இடத்தில் வந்தது என்னவென்று ஒரே சொல்லில் சொல்லத் தெரியாததால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அட்லின் என்பது முதலில் ஓர் ஏரியின் பெயர். ட்லிங்கிட் மக்களின் மொழியில் பெருநீர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மாகாணத்தின் வடமேற்கு மூலையில், வடக்கேயுள்ள யூக்கான் பிரதேசத்தின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் அந்த ஏரிக்கரையில் 1898இல் பொன் கிடைத்தது. கிளண்டைக் பொன்வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு பகுதி பைன் ஓடையை நோக்கித் திரும்ப, சில மாதங்களுக்குள் கூடாரங்களும் மரக்கடைகளும் நிறைந்த ஊர் ஒன்று எழுந்தது. மாகாணத் தலைநகரான விக்டோரியாவிலிருந்து அந்த ஊருக்குக் காகம் பறக்கும் தூரமே ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர். இன்றைக்கும் பிரித்தானிய கொலம்பியாவின் வேறெந்த ஊரிலிருந்தும் நேராக அங்கே போகும் சாலை கிடையாது. யூக்கானுக்குள் நுழைந்து, அங்கிருந்து தெற்கே திரும்பித்தான் சொந்த மாகாணத்தின் அந்த ஊரை அடைய முடியும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போடப்பட்ட அந்தச் சாலையும் வருவதற்கு முன்பு பெரும்பாலும் படகும் பனிச்சறுக்கு வண்டியும்தான் வழி.

இந்தப் பொன்னூரின் பெயரைத் தாங்கிய சட்டமன்றத் தொகுதி 1903ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முதலாகத் தோன்றியது. கட்சி அடிப்படையில் அந்த மாகாணத்தில் நடந்த முதல் தேர்தலும் அதுவே. எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறினாலும், பிற்காலத்து அட்லின் தொகுதி என்பது ஏரிக்கரை ஊரோடு நிற்கவில்லை. ஸ்டிகீன் ஆற்றங்கரையின் டெலிகிராஃப் கிரீக், கல்நார் வெட்டிய காசியர், அலாஸ்கா எல்லையில் கடற்கழியின் தலைமாட்டில் கிடக்கும் ஸ்டூவர்ட், தெற்கே நாஸ் பள்ளத்தாக்கின் நிஸ்கா மக்கள் வாழும் ஊர்கள் என்று அது விரிந்து கிடந்தது. அந்தத் தொகுதிக்குள் இலங்கைத் தீவு முழுவதையும் வைத்தாலும் இடம் மிஞ்சும். கிட்சால்ட் என்ற சுரங்க நகரமும் அந்தக் கடற்கரையில்தான் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் உலோகத்தின் விலை வீழ்ந்ததால் கட்டி முடித்த சூட்டோடு கைவிடப்பட்ட அந்த ஊரைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு முழுதாக விலைக்கு வாங்கியவர் இந்தியாவில் பிறந்த ஒரு தொழிலதிபர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அட்லினின் முதல் உறுப்பினர் ஹென்றி எஸ்ஸன் யங் என்ற மருத்துவர். கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். கல்வி அமைச்சராக இருந்து, 1908இல் பல்கலைக்கழகச் சட்டத்தைக் கொண்டுவந்து, பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் தந்தை என்று பெயர் பெற்றவர். ஒரு சில ஆயிரம் பேர் சிதறி வாழ்ந்த மலைக்காட்டுத் தொகுதியின் உறுப்பினர் மாகாணத்தின் முதற்பெரும் பல்கலைக்கழகத்தை உருவாக்கினார் என்பது வியப்புக்குரியதுதான். ஆனால் அவருக்கு வாக்களித்தவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பு வேறு பக்கம் திரும்புகிறது. பூர்வகுடி மக்களுக்கும் சீனர்களுக்கும் இந்த மாகாணம் 1870களிலேயே வாக்குரிமையை மறுத்துவிட்டது. 1895இல் ஜப்பானியர்களையும், 1907இல் இந்தியத் துணைக்கண்டத்தவரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த ஏரிகளிலும் ஆறுகளிலும் மீன் பிடித்து வாழ்ந்த ட்லிங்கிட், டால்டான், காஸ்கா, நிஸ்கா மக்களுக்கு, தங்கள் நிலத்தின் பெயரில் சட்டமன்றத்தில் யார் உட்காருவது என்பதில் எந்தச் சொல்லும் இல்லை. 1903 முதல் 1949 வரை 46 ஆண்டுகள் இப்படியே கழிந்தன. பன்னிரண்டு மடங்கு எடை என்று பிற்காலத்தில் கணக்கிட்ட தொகுதியில், அரை நூற்றாண்டுக் காலம் அந்த மண்ணின் மக்களின் எடை சுழியம்.

1949இல் அந்தத் தடை நீங்கியது. சீனர்களுக்கும் நம் துணைக்கண்டத்தவருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1947இல், உரிமை திரும்பியிருந்தது.

இங்கே என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அற்றன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்து அறையில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து மறைந்தவர். 1947இல் இலங்கையின் முதல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அவரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கின. தொகுதிகளை வகுக்கும்போது மட்டும் மலையகத்துத் தமிழரின் தலைகளும் மக்கள்தொகையில் எண்ணப்பட்டன. அதனால் கிடைத்த ஆசனங்களை நிரப்பும் உரிமை மற்றவர்களுக்கே இருந்தது. தாத்தா அந்த ஒரே தேர்தலைப் பற்றி வாழ்நாள் முழுவதும் பேசினார். எந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போனார், பெட்டி எங்கே வைத்திருந்தது, திரும்பி வரும்போது யாரோடு தேநீர் குடித்தார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவரிடமிருந்து வாக்கு பறிக்கப்பட்ட அதே 1949இல், பூமியின் மறுபக்கத்தில், நிஸ்கா மக்களின் கையில் முதல் வாக்குச் சீட்டு வந்து சேர்ந்தது என்று படித்தபோது, நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

அந்த முதல் வாக்குச் சீட்டை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் அட்லின் வரலாற்றின் உயிர்நிலை. வாக்குரிமை கிடைத்த அதே ஆண்டில், நிஸ்கா இனத்தைச் சேர்ந்த ஃபிராங்க் கால்டர் சி.சி.எஃப். என்ற இடதுசாரிக் கட்சியின் வேட்பாளராக அட்லினில் நின்று வென்றார். கனடாவில் எந்தச் சட்டமன்றத்துக்கும் பூர்வகுடியினர் என்ற சட்டத் தகுதியோடு தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மனிதர் அவரே. 1915இல் நாஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் பிறந்தவர். உறைவிடப் பள்ளியில் படித்து, பிறகு பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ஆங்கிலிக்கன் இறையியல் கல்லூரியில் 1946இல் பட்டம் பெற்றவர். அட்லினின் முதல் உறுப்பினர் உண்டாக்கிய அதே பல்கலைக்கழகம்தான் அது.

நிஸ்கா மக்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. நிலப் பிரச்சினையை நகர்த்த முடியாத மலை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த கூட்டத்தில், கால்டரை வளர்த்த தந்தையான தலைவர் அந்தச் சிறுவனைத் தூக்கி மேசை மேல் நிறுத்தி, இவனை வெள்ளையரின் பள்ளிக்கு அனுப்பப் போகிறேன், அவர்களைப் போலப் பேசவும் சிந்திக்கவும் கற்றுத் திரும்பி வந்து இந்த மலையை நகர்த்துவான் என்று சொன்னாராம். அந்த மலையின் பழைமையைச் சொன்னால்தான் கதையின் கனம் புரியும். 1887இல் நிஸ்கா, சிம்ஷியன் தலைவர்கள் தங்கள் நிலத்துக்கு உடன்படிக்கையும் தன்னாட்சியும் கேட்டு விக்டோரியாவுக்குப் படகில் போனபோது, அன்றைய மாகாண முதல்வர் வில்லியம் ஸ்மித், வெள்ளையர் வருவதற்கு முன்பு நீங்கள் காட்டு விலங்குகளைவிட மேலானவர்களாக இருக்கவில்லை என்ற பொருளில் முகத்துக்கு நேரே பேசி அனுப்பினார். 1913இல், பேரரசின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்கு மனு எழுதினார்கள். 1927இல், நில உரிமை வழக்குக்காகப் பூர்வகுடியினர் பணம் திரட்டுவதையே மத்திய அரசு குற்றமாக்கியது. அந்தத் தடை 1951 வரை நீடித்தது. இத்தனைக்கும் பிறகுதான் கால்டரின் வேலை தொடங்கியது.

அவர் 1955இல் நிஸ்கா பழங்குடி மன்றத்தை அமைத்தார். 1956 தேர்தலில் தோற்று, 1960இல் மீண்டும் வென்று, அதிலிருந்து 19 ஆண்டுகள் தொடர்ந்து அட்லினின் உறுப்பினராக இருந்தார். மாகாணத்தில் சட்டம் இயற்றும் இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்த முதற்காலத்தில், பூர்வகுடியினருக்கான, இந்தியர் சட்டம் என்ற பெயருடைய சட்டத்தின் கீழ் வாழ்ந்த மக்களுக்குக் கனடிய நாடாளுமன்றத் தேர்தலில் நிபந்தனையற்ற வாக்குரிமை இல்லை. அது 1960இல்தான் வந்தது. 1960களின் இறுதியில், தாமஸ் பெர்ஜர் என்ற வழக்கறிஞரைக் கொண்டு, நாஸ் பள்ளத்தாக்கின் மீது தம் மக்களுக்குள்ள உரிமை ஒருபோதும் அற்றுப்போகவில்லை என்று அறிவிக்கக் கோரி, மாகாணத்தின் சட்டமா அதிபருக்கு எதிராகக் கால்டர் வழக்குத் தொடுத்தார். மாகாண நீதிமன்றங்கள் இரண்டிலும் தோல்வி. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1973 ஜனவரி 31 அன்று தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், ஐரோப்பியர் வருகைக்கு முன்பே பூர்வகுடிகளுக்கு நில உரிமை இருந்தது என்பதை ஒப்புக்கொண்டார்கள். அந்த உரிமை பின்னர் அழிக்கப்பட்டுவிட்டதா என்பதில் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தார்கள். ஏழாமவர் நடைமுறைக் காரணம் ஒன்றைச் சொல்லி வழக்கைத் தள்ளினார். ஏட்டின்படி நிஸ்கா மக்களுக்குத் தோல்வி. ஆனால் அந்தத் தோல்விதான் மத்திய அரசைப் பேச்சு மேசைக்கு இழுத்து வந்தது.

இதில் எவரும் போதிய அளவு வியக்காத செய்தி ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். 1972இல் டேவ் பாரெட் தலைமையில், சி.சி.எஃப். கட்சியின் வழிவந்த என்.டி.பி. கட்சியின் ஆட்சி அமைந்தபோது, துறையில்லாத அமைச்சராகக் கால்டர் அமைச்சரவையில் இடம்பெற்றார். பூர்வகுடியினர் என்ற சட்டத் தகுதியோடு கனடாவில் அமைச்சரான முதல் மனிதர் அவர். ஆக, தீர்ப்பு வந்த நாளில் வழக்கின் வாதியும் அவரே, எதிர்வாதியான அரசின் அமைச்சரும் அவரே. அட்லின் என்ற சிறு தொகுதி இல்லாமல் இருந்திருந்தால், அந்த மேசையின் இரண்டு பக்கத்திலும் ஒரே மனிதர் அமர்ந்திருக்க வழியில்லை.

அதே 1973இல் அவர் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். 1975இல், என்.டி.பி.க்கு எதிரணியான சோஷியல் கிரெடிட் கட்சிக்கு மாறி, அதன் சார்பில் அட்லினை மீண்டும் வென்றார். கட்சி மாற்றத்தை நான் பொதுவாக மன்னிப்பவன் அல்லேன். ஆனாலும் அந்தத் தொகுதியில் நாஸ் பள்ளத்தாக்கின் மக்கள் கட்சியை எவ்வளவு பார்த்தார்கள், ஆளை எவ்வளவு பார்த்தார்கள் என்பதைச் சர்ரேயில் உட்கார்ந்துகொண்டு அளப்பது முறையாகாது.

1979 மே 10 அன்று நடந்த தேர்தலில், என்.டி.பி. வேட்பாளரான ஆல் பாசரெல்லிடம் கால்டர் தோற்றார். வித்தியாசம் ஒரே ஒரு வாக்கு. அவரும் அவர் மனைவியும் அன்று வாக்களிக்கவில்லை என்ற செய்தி அப்போதிருந்து திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது. முப்பது ஆண்டுக் கால அரசியல் வாழ்க்கை ஒரு பெருக்கல் குறியில் முடிந்தது. பாசரெல்லும் பின்னர் ஆளுங்கட்சியாக இருந்த சோஷியல் கிரெடிட்டுக்கு மாறினார். 1986இல் அட்லின் மீண்டும் ஒரு நிஸ்கா மனிதரை, லாரி குனோ என்ற வழக்கறிஞரை, என்.டி.பி. சார்பில் தேர்ந்தெடுத்தது. அதே தேர்தலில்தான் பஞ்சாபியரான மோ சிஹோட்டா இந்த மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். வாக்குரிமை மறுக்கப்பட்ட இரண்டு கூட்டத்தாரின் பிள்ளைகள் ஒரே அவையில் உட்கார்ந்த காலம் அது. அட்லின் என்ற பெயர் வாக்குச் சீட்டில் இடம்பெற்ற கடைசித் தேர்தலும் அதுவே.

முடிவு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சட்டமன்றத்தின் 69 ஆசனங்களும் சில இரட்டை உறுப்பினர் தொகுதிகளும் மக்கள்தொகையோடு எந்தப் பொருத்தமும் இல்லாமல் கிடந்தன. சராசரியைவிடச் சர்ரே-நியூட்டன் 63 விழுக்காடு பெரிது. அட்லின் ஏறத்தாழ 87 விழுக்காடு சிறிது. மாகாண அரசு அமைத்த ஃபிஷர் ஆணைக்குழு 75 ஒற்றை உறுப்பினர் தொகுதிகளை முன்மொழிந்து, சராசரியிலிருந்து 25 விழுக்காட்டுக்கு மேல் விலகலாகாது என்றது. சிவில் உரிமைச் சங்கத்தின் தலைவராயிருந்த ஜான் டிக்சன் தொடுத்த வழக்கில், நீதிபதி பெவர்லி மக்லாக்லின் 1989 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். உரிமைகள் சாசனம் தரும் வாக்குரிமையில் வாக்கின் எடையும் அடங்கும் என்பது அதன் சாரம். எண்களை அப்படியே சமன் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நிலப்பரப்பு, தொலைவு போன்ற காரணங்களுக்காகச் சிறிது விலகலாம், ஆனால் இவ்வளவு விலகக்கூடாது என்றார். கனடாவின் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற பிறகு, சஸ்காச்சவான் மாகாண எல்லைகள் பற்றிய 1991ஆம் ஆண்டு வழக்கில் இதே சிந்தனையைப் பயனுள்ள பிரதிநிதித்துவம் என்ற பெயரில் அவரே விரித்து எழுதினார். 1991 அக்டோபர் 17 தேர்தலில் அட்லின் இல்லை. அதன் நிலத்தில் பெரும்பகுதி பல்க்லி வேலி-ஸ்டிகீன் என்ற தொகுதிக்குள் கரைந்தது.

தீர்ப்பு சரியானதே. சர்ரே-நியூட்டனில் வாழ்பவன் வேறெப்படிச் சொல்வான் என்று கேட்பவர்களுக்கு, தாத்தாவின் பேரனாகவும் அதையே சொல்கிறேன் என்பதுதான் என் பதில். ஒருவரின் தலையை எண்ணிவிட்டு வாக்கைக் குறைப்பது எப்படிப்பட்ட காரியம் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தீர்ப்பின் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. 5,511 என்ற எண்ணுக்குள், 46 ஆண்டுகள் சுழியமாக வைக்கப்பட்டிருந்த மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஊர்கள் ஒரு தேர்தலின் முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்குத் தொகுதி சிறிதாக இருந்ததால்தான், கால்டர் 1949இல் உள்ளே போக முடிந்தது. சராசரி அளவுள்ள ஒரு தொகுதியில் நாஸ் பள்ளத்தாக்கின் ஊர்கள் ஓரத்துக் குரலாகவே நின்றிருக்கும். தவறாக வகுக்கப்பட்ட ஓர் எல்லைக்குள் நேர்ந்த நன்மை என்று இதைச் சொல்லலாம். அந்த நன்மைக்கு ஈடாகப் புதிய வரைபடத்தில் எதுவும் வைக்கப்படவில்லை என்பது என் குறை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் ஆகஸ்ட் மாதத்தில், டெரஸ் நகரிலிருந்து நிஸ்கா நெடுஞ்சாலையில் வடக்கே காரோட்டிப் போனேன். அந்தச் சாலையின் எண் 113. விக்டோரியாவுக்குப் படகில் போன 1887 முதல், நிஸ்கா உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 2000 வரை கழிந்த ஆண்டுகளின் எண்ணிக்கை அது. எரிமலைக் குழம்பு உறைந்த பரப்பு சாலையின் இருபுறமும் கரடுமுரடாகக் கிடந்தது. அதன் மேல் வெளிர்சாம்பல் நிறத்தில் பாசியும் பூஞ்சையும் கம்பளி விரித்தாற்போல் படிந்திருந்தன. ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த அந்த வெடிப்பில் ஊர்கள் புதைந்தன, ஏராளமானோர் மாண்டார்கள் என்று தகவல் பலகை சொன்னது. கிட்லாக்ஸ்டாமிக்ஸ் என்ற ஊரில், நீண்ட மரவீட்டின் வடிவில் கட்டிய நிஸ்கா சட்டமன்றத்தை வெளியிலிருந்து பார்த்தேன். கால்டர் 2006இல் காலமானார். இந்தக் கட்டடத்தை அவர் வாழ்நாளிலேயே மக்கள் கண்டுவிட்டார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

வழியில் ஒரு சிறு கடையில் தேநீர் வாங்கினேன். கல்லாவில் இருந்த வயதான அம்மா எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். சர்ரே என்றேன். தன் சகோதரியின் மகன் அங்கே வேலை செய்வதாகச் சொன்னார். கால்டரின் தொகுதியைப் பற்றிப் படித்துவிட்டு வந்தேன் என்றதும் கல்லாவை மூடிவிட்டு, எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 1979 மே மாதத்தில் அவருடைய அப்பா மரம் வெட்டும் முகாமில் இருந்தாராம். வாக்களிப்பு நாளன்று ஊருக்கு வர வண்டி கிடைக்கவில்லையாம். ஒரே ஒரு வாக்கில் கால்டர் தோற்ற செய்தியை வானொலியில் கேட்ட நாளிலிருந்து, அந்த ஒரு வாக்கு தன்னுடையதுதான் என்று அவர் நம்பினார். சமநிலை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிள்ளைகள் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. அதன் பிறகு எந்தத் தேர்தல் வந்தாலும், எல்லாருக்கும் முன்னதாக எழுந்து சவரம் செய்துகொண்டு, பெட்டி திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் வாசலில் நிற்பாராம்.

தாத்தா கட்டிக்கொண்டு போன வேட்டியைப் பற்றி நான் அந்த அம்மாவிடம் சொன்னேன். என்ன நிறம் என்று கேட்டார். வெள்ளை, கரை மட்டும் பச்சை என்றேன்.